எடுப்பவளும் கொடுப்பவளும்: காவிரிக் கதைகளில் நீர்மகளிர்

நீரில் உறைவதாக நம்பப்பட்ட பெண்களைப் பழந்தமிழ் நீரரமகளிர் என்று அழைத்தது. மலையில் உறைபவர்கள் வரையரமகளிர். கண்டவரை அச்சுறுத்துபவர்கள் சூரரமகளிர். இன்று இச்சொற்கள் பெரும்பாலும் அகராதியில்தான் இருக்கின்றன. அவற்றின் இடத்தில் 'தேவதை' என்ற ஒரே சொல் வந்து அமர்ந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீர்த்தேவதையை வரையச் சொன்னால் வெள்ளை உடை, முதுகில் சிறகு, கையில் நட்சத்திரக் கோல் என்று வரைவார்கள். சிலர் மீன்வால் சேர்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும். வாய்க்கால் கரையில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள் இருக்கும். அந்தக் கற்களும் நீர்ப்பெண்கள்தாம் என்பது படம் வரையும்போது நினைவுக்கு வருவதில்லை.

காவிரிக் கரையின் நீர்மகளிர் கதைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது எதை இழந்தன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. இக்கதைகளில் நீர்ப்பெண்ணுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒருத்தி எடுத்துக்கொள்கிறாள், இன்னொருத்தி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறாள். சில கதைகளில் இருவரும் ஒருத்தியே. எடுப்பவளை விட்டுவிட்டால் கதையிலிருந்து அச்சம் போய்விடுகிறது. கொடுப்பவளை விட்டுவிட்டால் நன்றி போய்விடுகிறது. இரண்டும் போன பிறகு மிஞ்சுவது அலங்காரம் மட்டுமே.

கோடரிக் கதை

தமிழ்ப் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் நீர்த்தேவதை கோடரிக் கதையில் வருபவள். மரம் வெட்டுபவனின் கோடரி ஆற்றில் விழுகிறது. தேவதை தோன்றித் தங்கக் கோடரியையும் வெள்ளிக் கோடரியையும் காட்டுகிறாள். அவன் இரண்டையும் மறுத்துத் தன் இரும்புக் கோடரியையே கேட்கிறான். நேர்மைக்குப் பரிசாக மூன்றையும் பெறுகிறான். ஈசாப்பின் பெயரில் வழங்கும் கிரேக்கக் கதையில் ஆற்றில் இறங்கிக் கோடரியை எடுப்பவன் ஹெர்மிஸ் என்ற ஆண் கடவுள். தமிழுக்கு வந்தபோது அவன் வனதேவதையாகவும் நதி தேவதையாகவும் மாறினான். இந்த மாற்றம் கவனிக்கத் தக்கது. நீரிலிருந்து எழுவது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று தமிழ்க் காது எதிர்பார்த்திருக்கிறது.

கதை நல்ல கதைதான். பல ஆண்டுகள் நானும் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் தண்ணீருக்கு வேலை இல்லை. கோடரி பாழுங்கிணற்றில் விழுந்தாலும் வைக்கோற்போருக்குள் விழுந்தாலும் கதை அப்படியே நடக்கும். மரம் வெட்டுபவன் ஆற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஆற்றிடம் எதையும் இழப்பதும் இல்லை. தேவதை ஒரு நேர்மையான தேர்வாளர், அவ்வளவே. காவிரிக் கதைகள் இதற்கு நேர் எதிரானவை. அவற்றில் நீர் எடுத்துக்கொள்வது கோடரியை அல்ல, ஆளை.

பரணர் பாடிய காவிரி

அவற்றுள் மிகப் பழையது ஆட்டனத்தி, ஆதிமந்தி கதை. சங்க இலக்கியத்தில் இது முழுக்கதையாக எங்கும் சொல்லப்படவில்லை. வேறு காதலர்களின் துயரத்துக்கு உவமையாகத் துண்டு துண்டாக வருகிறது. அகநானூற்றில் பரணர் பல பாடல்களில் இதைக் குறிப்பிடுகிறார். வெள்ளிவீதியாரும் 45ஆம் பாடலில் தம் நிலையை ஆதிமந்தியின் நிலையோடு ஒப்பிடுகிறார். உவமையாகச் சொன்னாலே கேட்பவருக்குப் புரியும் அளவுக்குக் கதை அன்று ஊரறிந்ததாக இருந்திருக்கிறது.

துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது. காவிரியின் கழாஅர் என்ற துறையில் நீர்விழா நடக்கிறது. கரிகாலன் சுற்றத்தோடு இருந்து பார்க்கிறான். ஆட்டனத்தி புனலில் ஆடுகிறான். காலில் கழல், வயிற்றில் கரிய கச்சு, ஒலிக்கும் மணிகள் என்று அவன் ஆட்டக் கோலத்தை 376ஆம் பாடல் விவரிக்கிறது. அவன் அழகைக் கண்டு காவிரி ஆசைப்படுகிறாள். அவனைக் கவர்ந்துகொண்டு போய் ஒளித்துவைக்கிறாள். ஆதிமந்தி அழுது புலம்பிக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறாள். 222ஆம் பாடலில் மருதி என்ற பெண் வருகிறாள். ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டு அந்தப் பெண் கடலுக்குள் போய்விடுகிறாள்.

இதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, காவிரி இங்கே உண்மையாகவே ஒரு பெண். 222, 376, 396 ஆகிய மூன்று பாடல்களிலும் அவள் விரும்பித்தான் எடுக்கிறாள். 222ஆம் பாடலில் அவளுக்குத் தாழ்ந்த கருங்கூந்தல்கூட உண்டு. சுழியில் விழுந்த ஒருவன் மேலே வராததை, 'அவள் அவனை ஒளித்துவைத்தாள்' என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் காவிரியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூந்தல் எது என்று தெரியும். கலங்கிய நீர் படித்துறையைத் தாண்டி முறுக்கிக்கொண்டு போகும்போது மேற்பரப்பில் கருமையான புரிகள் ஓடும். பரணர் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. ஆற்றில் இருப்பதை உற்றுப் பார்த்து அதற்கு ஆசையைக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது, மருதி. அவள் யார், எந்த ஊர், ஏன் கடலில் இறங்கினாள் என்று பாடல் சொல்லவில்லை. மனிதப் பெண்ணா, நீரரமகளா என்பதும் தெரியவில்லை. ஆனால் அவள் புகழ் பாடலில் இடம்பெற்ற புகழ் என்று பரணர் சொல்கிறார். அவளைப்போலப் புகழ் பெறலாம் என்று அகப்பாடலின் பெண் ஒருத்தி, இரவு மழையில் நனைந்த வழியில் காதலனைத் தேடிப் புறப்பட நினைக்கிறாள். அதாவது, அந்தப் பாடலில் முன்மாதிரியாக நிற்பவள் அழுது தேடிய ஆதிமந்தி அல்லள்; காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் மறைந்த மருதி.

சிலப்பதிகாரத்தில் நேர்ந்த மாற்றம்

சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் கண்ணகி பாண்டிமாதேவியிடம் புகார் நகரத்துப் பத்தினிப் பெண்கள் எழுவரைப் பட்டியலிடுகிறாள். அவர்களுள் ஆதிமந்தியும் ஒருத்தி. இங்கே அவள் கரிகாலனின் மகள். கணவன் வஞ்சி நாட்டு அரசன். ஆனால் ஆதிமந்தியார் பெயரில் உள்ள குறுந்தொகை 31ஆம் பாடலின் பெண், வீரர்கள் கூடும் விழாவிலும் துணங்கைக் கூத்திலும் தன்னவனைத் தேடுகிறாள். தானும் ஆடுகளத்துப் பெண் என்கிறாள். ஆடுகளத்துப் பெண் அரசன் மகளாகவும், புனலாடியவன் அரசனாகவும் உயர்ந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் நீரில் நடந்திருக்கிறது. வஞ்சினமாலையில் அவனை எடுத்துச் செல்வது வெறும் புனல். ஆசைப்பட்ட காவிரி என்ற பெண் இல்லை. ஆதிமந்தி புனலின் பின்னே போய்க் கூவி அழைக்கிறாள். கடலே அவனைக் கொண்டுவந்து அவள் முன் நிறுத்துகிறது. மருதி இல்லை. எடுத்தவளும் போனாள், கொடுத்தவளும் போனாள். கதை ஒரு மனைவியின் கற்புக்குக் கிடைத்த சான்றிதழாக ஆகிவிட்டது.

இது இளங்கோவடிகளின் குறை என்று சொல்ல முடியாது. மதுரையை எரிக்கப்போகும் கண்ணகிக்கு அந்த நேரத்தில் அத்தகைய சான்றுகள்தாம் தேவை. பாத்திரம் தன் தேவைக்கு ஏற்பக் கதையைச் சொல்கிறது. அதே காப்பியத்தின் கானல்வரியில் கோவலன் பாடும்போது, கணவனாகிய சோழன் வேறு நதிகளைச் சேர்ந்தாலும் ஊடல் கொள்ளாத பொறுமைசாலி மனைவியாகக் காவிரி வருகிறாள். மாதவியிடமிருந்து பிரியப்போகிறவன் அப்படிப் பாடுவதில் வியப்பில்லை. பரணரின் காவிரி பிறர் காதலனைக் கண்டால் கவர்ந்துகொள்பவள். கோவலனின் காவிரி தன் கணவனையே விட்டுக்கொடுப்பவள். ஆறு ஒன்றுதான், சொல்பவர் வேறு.

குறை பிற்காலத்தாருடையது. 20ஆம் நூற்றாண்டில் பாரதிதாசன் 'சேரதாண்டவம்' என்ற நாடகத்தையும் கண்ணதாசன் 'ஆட்டனத்தி ஆதிமந்தி' என்ற காவியத்தையும் எழுதினார்கள். இக்கதைக்கு மறுபடி வாசகர்கள் கிடைத்தார்கள். ஆயினும் மேடையிலும் பள்ளி விழாவிலும் சுருக்கிச் சொல்லும்போது, கணவனைக் கடலிடமிருந்து மீட்ட கற்பரசி என்ற ஒற்றை வரியே நிற்கிறது. மருதி பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது.

மணிமேகலா தெய்வம்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்கு ஒரு கடல் தெய்வம் உண்டு. சிலப்பதிகாரத்தின்படி கோவலனின் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காப்பாற்றியது. அந்த நன்றிக்காகத்தான் கோவலன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தார்கள். ஒரு காப்பியத்தின் பெயரே நீரில் மூழ்காமல் காப்பாற்றியதற்குச் செலுத்திய நன்றி. மணிமேகலைக் காப்பியத்தில் அதே தெய்வம் உறங்கும் மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டபோது அதற்குக் காரணமான சாபத்திலும் அதற்குப் பங்கு உண்டு. எடுப்பதும் கொடுப்பதும் ஒரே கையால் நடக்கின்றன.

இத்தெய்வம் தமிழ்க் கரையோடு நிற்கவில்லை. மகாஜனக ஜாதகத்தில் கடலில் ஏழு நாள் நீந்திக்கொண்டிருக்கும் இளவரசனை மணிமேகலாதான் தூக்கிச் செல்கிறாள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் இன்றும் நடன மேடையில் இருக்கிறாள். அவள் கையிலுள்ள மணி மின்னுவது மின்னல். அவளைத் துரத்தும் அரக்கன் எறியும் கோடரியின் ஓசை இடி. நம் பிள்ளைகளுக்குக் கோடரிக் கதை வேண்டும் என்றால் இந்தக் கோடரியையும் சொல்லலாம்.

பொன்னியின் செல்வனும் அவனை எடுத்துக் கொடுத்தவளும்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. புதிய நீரின் வரவோடு நாவல் தொடங்குவது தற்செயல் அல்ல. நாவலின் பெயருக்குப் பின்னால் ஒரு நீர்மகளிர் கதை இருக்கிறது. அரச குடும்பம் காவிரியில் படகில் செல்லும்போது குழந்தை அருள்மொழி நீரில் விழுந்துவிடுகிறான். எங்கிருந்தோ ஒரு பெண் அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறைகிறாள். காவிரி அம்மனே காப்பாற்றினாள் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அதனால்தான் அவன் பொன்னியின் செல்வன்.

பின்னர் இலங்கையில், சுவர்ச் சித்திரங்களின் வழியாக, தன்னைத் தூக்கியவள் மந்தாகினி என்ற வாய் பேச முடியாத, காது கேளாத பெண் என்று அருள்மொழி அறிகிறான். தேவதைக் கதையை உடைத்து, உள்ளே இருந்த மனிதப் பெண்ணைக் கல்கி காட்டுகிறார். உடைத்த பிறகும் வியப்பு குறையவில்லை, கூடுகிறது. காவிரி அம்மன் காப்பாற்றுவது அவள் இயல்பு. அரண்மனையால் கைவிடப்பட்ட பெண் அந்த அரண்மனைக் குழந்தைக்காக ஆற்றில் குதிப்பது இயல்பை மீறியது. ஆகாய கங்கைக்கு வழங்கும் பெயரை அவளுக்குக் கல்கி வைத்திருப்பதும் பொருத்தம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உண்மை தெரிந்த பிறகும் பட்டப்பெயர் மாறவில்லை. அவன் பொன்னியின் செல்வனாகவே இருக்கிறான். மந்தாகினியின் செல்வன் ஆகவில்லை. நாவலின் தலைப்பே காப்பாற்றியவளுக்குச் சேர வேண்டிய பெருமையை ஆற்றுக்குக் கொடுக்கிறது. மந்தாகினி கடைசியில் சுந்தர சோழர்மேல் எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று இறக்கிறாள். மருதியைப் போலவே, உயிரைத் திருப்பிக் கொடுத்தவள் தான் திரும்பவில்லை. மந்தாகினியின் உறவினளும், கோடிக்கரைக் கடலில் படகோட்டி வந்தியத்தேவனையும் அருள்மொழியையும் அலையிலிருந்து மீட்பவளுமான பூங்குழலியும் இந்த வரிசையில் வருபவளே. கல்கி அவளைச் சமுத்திர குமாரி என்று அழைக்கிறார். அவளிடம் கோல் இல்லை, துடுப்பு இருக்கிறது.

இந்த அமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக் கதையிலும் கப்பல் உடைந்த இளவரசனைக் கடற்கன்னி காப்பாற்றுகிறாள். தன்னைக் காத்தவள் வேறொருத்தி என்று அவன் நினைக்கிறான். தன் குரலைக் கொடுத்துவிட்ட அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவள் கடல் நுரையாகிறாள். 1989இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த படத்தில் அவள் இளவரசனை மணந்துகொள்கிறாள். பிள்ளைகள் இன்று அறிந்தது படத்தின் முடிவைத்தான். மருதிக்கு நேர்ந்ததே அந்தக் கடற்கன்னிக்கும் நேர்ந்திருக்கிறது. கொடுத்தவள் பட்ட கடனைத் திருமணத்தில் கழித்துவிட்டார்கள்.

கரையில் இருக்கும் ஏழு பேர்

ஏட்டுக் கதைகளுக்கு வெளியே, தஞ்சைப் பகுதியின் குளத்தங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் இருப்பவர்கள் கன்னிமார். ஏழு கல் அல்லது ஏழு செங்கல், மேலே ஒரு மரம், மஞ்சள், குங்குமம், பூ. வேண்டுதல் உள்ளவர்கள் வளையல் வைப்பார்கள், பொங்கலிடுவார்கள். பல ஊர்களில் ஏழு பேருக்கும் தனிப்பெயர் கிடையாது. உச்சிப்பொழுதில் அவர்கள் நீராட வருவார்கள், அப்போது தனியாகத் துறைக்குப் போகக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது.

இந்நம்பிக்கைக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று, இவர்கள் பிராமி, மாகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி என்னும் ஏழு தாய்மாரே என்பது. எண்ணிக்கை ஏழு என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. சோழர் கோயில்களில் உள்ள எழுவர் ஆயுதமும் ஊர்தியும் கொண்ட தாய்மார். வாய்க்கால் கரையில் உள்ளவர்கள் பெயரும் ஆயுதமும் இல்லாத கன்னிப் பெண்கள். பெரிய பெயர் கொடுத்தால் மதிப்புக் கூடும் என்று நினைத்துச் செய்யும் இந்த இணைப்பு, அவர்களை நீரிலிருந்து பிரித்துவிடுகிறது. கருவறைக்குள் போன கன்னிமார் குளத்தைக் காப்பதில்லை.

மற்றொன்று, பிள்ளைகள் தண்ணீருக்குப் போகாமல் இருக்கப் பெரியவர்கள் கட்டிய பயமுறுத்தல் என்பது. இதில் உண்மை உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பாசி மூடிய குட்டைகளில் பச்சைப் பல் ஜென்னி என்பவள் இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளைத் தடுத்தார்கள். பாசி மூடிய நீர் தரைபோலத் தெரியும். கால் வைத்தால் ஆள் மூழ்கிவிடுவான். அங்கே ஜென்னி ஓர் எச்சரிக்கைப் பலகை. நம் ஊரிலும் ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிவேளையில் தனியாகக் குளத்தில் இறங்கும் பிள்ளை மூழ்கினால் கூப்பிடக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். கன்னிமாரின் நேரமும் அந்த நேரமும் ஒன்றே.

ஆனால் எச்சரிக்கைப் பலகைக்கு யாரும் வளையல் வைப்பதில்லை. பயம் மட்டும்தான் என்றால் பிள்ளைப்பேறு வேண்டியும் மழை வேண்டியும் பெரியவர்கள் அங்கே போக வேண்டியதில்லை. எடுக்கக்கூடியவளிடமே கொடு என்று கேட்பதுதான் கன்னிமார் வழிபாட்டின் சாரம். முதல் விளக்கம் எடுப்பவளை மறைக்கிறது. இரண்டாவது விளக்கம் கொடுப்பவளை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்ததால்தான் அந்த ஏழு கல்லுக்கு முன்னால் ஊர் செருப்பைக் கழற்றியது.

தண்ணீர் வரும் நாள்

நீர்மகளிர் கதைகள் ஏன் இந்தப் படுகையில் இவ்வளவு வலுவாக வேரூன்றின என்பதற்குக் காவிரியின் நடத்தையே காரணம். ஆண்டு முழுதும் ஒரே அளவாக ஓடும் ஆற்றில் அதிசயம் குறைவு. காவிரி அப்படிப்பட்டதல்ல. கோடையில் அது மணல். பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்த பிறகு குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது வழக்கமாயிற்று. நீர் இருப்பைப் பொறுத்து அந்த நாள் முந்துவதும் பிந்துவதும் உண்டு. தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், மக்கள் புதாறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு என்று கிளைத்து, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள் ஆகும்.

அந்த முதல் நீரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது பாய்ந்து வருவதில்லை, நடந்து வரும். காய்ந்த மணல் குடிக்கக் குடிக்க, முன்விளிம்பில் நுரையும் சருகும் சுள்ளியுமாக, ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக வரும். மணலில் ஒளிந்திருந்த பூச்சிகள் முன்னால் ஓடும். அவற்றைக் கொத்தக் கொக்குகள் கூடவே நடக்கும். அதற்கு முன்னால் பிள்ளைகள் நடப்பார்கள். மணலில் இறங்கும் நீர் ஒரு மெல்லிய ஓசை எழுப்பும். நேற்று வரை பந்து உருண்ட இடத்தில் மறுநாள் இடுப்பளவு நீர் இருக்கும். இதற்குமேல் ஒரு மாயம் தேவையில்லை. கோல் பிடித்த தேவதையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவள்தான் சிறுத்துப் போவாள்.

ஆடி 18ஆம் நாள் அந்த நீருக்குச் செய்யும் மரியாதை ஒரு பெண்ணுக்குச் செய்யும் மரியாதை. காவிரியை மசக்கைக்காரி என்று கருதிச் சித்திரான்னங்கள் படைக்கிறார்கள். காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி வைக்கிறார்கள். புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுத்து வருகிறார்கள். காதோலை கருகமணியை ஆற்றில் விடும் கை, பரணரின் காவிரியை மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆட்களின் அணியைக் கண்டு ஆசைப்படுபவளுக்கு முன்கூட்டியே அணி கொடுத்துவிடுகிறார்கள். இது என் ஊகம். ஆனால் சடங்கும் பாடலும் அருகருகே வைத்துப் படிக்கத் தக்கவை.

அதே நாளில் படித்துறைகளில் காவல்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் நிற்கிறார்கள். தேவை இருப்பதால்தான் நிற்கிறார்கள். பல மாதம் மணலாகக் கிடந்த ஆற்றில் எங்கே மடு, எங்கே சுழி என்று இன்றைய பிள்ளைக்குத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் நீருக்கு அடியில் தெரியாது. ஆறு ஆளை எடுக்கும் என்ற அறிவைக் கதை ஒரு காலத்தில் சுமந்துகொண்டிருந்தது. நீர்த்தேவதை தங்கம் தருவாள் என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளையிடம் அந்த அறிவு போய்ச் சேரவில்லை. தண்ணீர் வராத ஆண்டுகளில் மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாயடியிலும் ஆடிப்பெருக்குக் கொண்டாடியவர்களுக்கு, எடுப்பவளே வராமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் தெரியும்.

மதிப்பீடு

இயற்கையில் மாயத்தைக் காணுதல் என்று இன்று எழுதப்படும் சிறுவர் நூல்கள் பலவும், இயற்கையைக் குளிர்ந்த, பாதுகாப்பான இடமாக ஆக்கிவிட்டு அதன்மேல் மாயத்தைத் தூவுகின்றன. காவிரிக் கதைகளின் வழி வேறு. அவை முதலில் ஆற்றை உள்ளபடி பார்த்தன. அதன் அழகு, பசி, காலம் தவறாத வரவு, ஆளை ஒளிக்கும் ஆழம் எல்லாவற்றையும் பார்த்தன. பிறகுதான் அதைப் பெண் என்றன. அதனால் அந்தப் பெண்ணிடம் அச்சமும் அன்பும் ஒன்றாக எழுகின்றன.

ஆட்டனத்தி கதையை இனிப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் மூன்று செயல்களைச் செய்யலாம். காவிரி ஆசைப்பட்டு எடுத்தாள் என்பதை மறைக்காமல் சொல்லலாம். ஆதிமந்தியைக் கற்பின் சான்றாக மட்டும் நிறுத்தாமல், குறுந்தொகையில் உள்ளபடி ஆடுகளத்துப் பெண்ணாகவும் காட்டலாம். முக்கியமாக, மருதியின் பெயரைச் சொல்லலாம். அவள் யார் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பாடல் சொல்லவில்லை என்பதே நேர்மையான பதில். அதைக் கேட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்குப் போகும் பிள்ளை, வழியில் உள்ள ஏழு கல்லை ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.